நாற்றம் என்னும் நல்ல சொல்



ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்று நம் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். பயிற்சி நூலில் இடப்பக்கம் சொற்கள், வலப்பக்கம் பொருள்கள், நடுவே கோடு. கோட்டைச் சரியாக இழுத்தால் ஒரு புள்ளி. இதைக் குற்றமென்று சொல்ல வரவில்லை. தொடக்கப்பள்ளியில் இப்படித்தான் தொடங்கியாக வேண்டும். ஆனால், ஆறாம் ஆண்டு முடித்துப் பள்ளியை விட்டுப் போகும்போதும் அந்தக் கோடு ஒன்றுதான் பிள்ளையின் கையில் மிஞ்சுகிறது என்றால், நாம் கற்பித்தது மொழியா, கோடு போடுவதா என்னும் ஐயம் எனக்கு எழுகிறது.

இந்த ஐயத்தை இரண்டு சொற்களை முன்வைத்து எழுதிப் பார்க்கிறேன். ஒன்று ஆங்கிலச் சொல்: 'ஃபங்க்'. மற்றொன்று நம் சொல்: 'நாற்றம்'. இரண்டும் மூக்கோடு தொடர்புடையவை. ஒன்று இழிவிலிருந்து மேலேறி வந்தது. மற்றொன்று உயர்ந்த இடத்திலிருந்து உருண்டு விழுந்தது. இரண்டும் வழியில் எங்கோ ஓரிடத்தில் ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும்!

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் "ஃபங்க் என்றால் என்ன, டீச்சர்?" என்று கேட்டான். அவன் அண்ணன் அணியும் சட்டையில் அச்சொல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறதாம். பாட்டு வகை என்று ஒரே சொல்லில் விடையளித்துவிட்டுப் போயிருக்கலாம். அகராதியைப் புரட்டியதில் ஒரு பெருங்கதையே கிடைத்தது.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஃபங்க் என்பது கடும் வாடையைக் குறித்தது. குறிப்பாகப் புகையிலைப் புகை அடைத்துக்கொண்ட அறையின் வாடையை. புகையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்றின் வழியாகப் பிரெஞ்சு வட்டார வழக்குக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது என்பது சொல்லாய்வாளர் சிலரின் கருத்து. 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் கொச்சைப் பேச்சில் அதே ஒலியுடைய சொல் பேரச்சத்தைக் குறித்தது. நாம் 'கிலி' என்கிறோமே, அது. இது பிளெமிஷ் மொழியிலிருந்து வந்த வேறொரு சொல்லாக இருக்கலாம் என்பர். பின்னர் மனச்சோர்வு, முகந்தூக்கி உட்கார்ந்திருத்தல் ஆகிய பொருள்களும் வந்து சேர்ந்தன. வாடை, கிலி, சோர்வு. இம்மூன்றில் ஒன்றுகூட யாரும் சட்டையில் அச்சிட்டுக்கொள்ளத் தக்கதன்று.

அதனைச் சட்டைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். நியூ ஓர்லியன்ஸ் நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னெட் வாசித்த பட்டி போல்டன் என்பவரின் புகழ்பெற்ற மெட்டு ஒன்று, நடனக் கூடத்தில் வியர்வை வாடை தாங்க முடியவில்லை என்னும் கேலியை அடியாகக் கொண்டது. 1953-இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வர், தம் இசைப்படைப்பு ஒன்றுக்கு 'ஓபஸ் டி ஃபங்க்' என்று பெயரிட்டார். அப்போதே அச்சொல், பகட்டில்லாத, மண்ணோடு ஒட்டிய இசை என்னும் பாராட்டாக மாறிவிட்டிருந்தது. 1967-இல் ஜேம்ஸ் பிரவுன் 'கோல்ட் ஸ்வெட்' பாடினார். தலைப்பைக் கவனியுங்கள்: குளிர்ந்த வியர்வை. கிலியும் வியர்வையும் ஒரே தலைப்பில்! தாளத்தின் முதல் அடியில் முழுப் பாரத்தையும் இறக்கி வைப்பது அவர் முறை. நம் தாளக் கணக்கில் சொன்னால், சமத்தில் வந்து ஓங்கி அடிப்பது. 1975-இல் ஜார்ஜ் கிளிண்டன் குழுவினர் 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, ஃபங்க் ஒரு விண்கலமேறி வந்து இறங்கும் அருளாகவே ஆகிவிட்டது.

நம் நாட்டுக்கும் அந்தக் காற்று வீசாமல் இல்லை. பினாங்கைச் சேர்ந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் 'அல்லிகேட்ஸ்' குழுவை என் தலைமுறையினர் அறிவர். மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்ற அந்தத் தமிழ்ப் பிள்ளைகளின் அடையாளமே குடைபோல் விரிந்த ஆப்ரோ முடிதான். சுருட்டை முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்ட காலத்தில் அவர்கள் அதை விரித்துவிட்டார்கள்.

வாடை எப்படிப் பாராட்டாயிற்று என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் என்னும் பேராசிரியர், 1980களில் வெளியிட்ட நூலொன்றில், மத்திய ஆப்பிரிக்காவின் கிகொங்கோ மொழியிலுள்ள 'லூ-ஃபுகி' என்னும் சொல்லை இதனோடு இணைத்துக் காட்டினார். அது உடல் வாடையைக் குறிக்கும் சொல். ஆனால், அம்மக்கள் அதைப் பாராட்டாகவும் வழங்குவர். உழைத்து உழைத்து முதிர்ந்த பெரியவரின் உடல் வாடை நற்பேறு தருவது என்பது அவர்கள் நம்பிக்கை. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் அந்த நினைப்பையும் உடன் கொண்டு சென்றனர். அது ஆங்கிலச் சொல்லோடு கலந்தது என்பது தாம்சனின் கருத்து. மொழியறிஞர் அனைவரும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், ஒரு மக்கள்கூட்டம் தன்மீது எறியப்பட்ட வசையைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே தன் இசைக்குப் பெயராக்கியது என்பதில் ஐயமில்லை.

(இடையில் ஒரு செய்தி. செருமானிய மொழியில் இதே எழுத்துகளைக் கொண்ட சொல் வானொலியைக் குறிக்கும். தீப்பொறி என்னும் சொல்லின் உறவு அது. 1912-இல் 'வைட்டமின்' என்னும் பெயரை உருவாக்கித் தந்த போலந்து அறிவியலாளரின் பெயர் காசிமிர் ஃபங்க். அமெரிக்காவில் ஃபங்க் என்பவர் பெயரில் புகழ்பெற்ற அகராதியே உண்டு. வாடை, கிலி, வானொலி, வைட்டமின், அகராதி. பயிற்சி நூலில் இதற்கு எத்தனை கோடுகள் இழுப்பது?)

நிற்க. நம் சொல்லுக்கு வருவோம்.

'நாற்றம்' என்று கரும்பலகையில் எழுதினால் போதும். வகுப்பில் பாதிப் பேர் மூக்கைப் பிடிப்பார்கள், மீதிப் பேர் பக்கத்திலிருப்பவனைக் கைகாட்டுவார்கள். இன்றைய வழக்கில் அச்சொல்லுக்குத் துர்நாற்றம் ஒன்றே பொருள். சாக்கடை நாறும்; வாய் நாறும்; கெட்ட பெயர் எடுத்தவனின் பெயரும் நாறும். வடிவேலுவின் புண்ணியத்தால் 'நாறவாய்' என்னும் சொல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால், பழந்தமிழில் நாற்றம் என்பது மூக்கு உணர்வது அனைத்துக்கும் பொதுப்பெயர்; பெரும்பாலும் நறுமணம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுக்கும்போது, மூன்றாம் அறிவை மூக்கறிவாக வைத்து எறும்பையும் சிதலையும் அதற்குக் காட்டாகத் தருகிறார். அந்த மூக்கறிவின் புலனுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் நாற்றம். திருவள்ளுவர் நீத்தார் பெருமையில், 27ஆம் குறளில், ஐம்புலன்களை அடுக்கும் இடத்தில் ஐந்தாவதாக வைப்பதும் இச்சொல்லையே. அங்கே நல்லது கெட்டது என்னும் பாகுபாடு கிடையாது.

காமத்துப்பாலுக்குப் போனால் சொல் இன்னும் உயர்ந்துவிடுகிறது. 1113ஆம் குறளில் தலைவியின் அழகை வரிசையாகப் புகழும் தலைவன் அவளது இயற்கை மணத்தை நாற்றம் என்கிறான். 1274ஆம் குறளில், அரும்புக்குள் மணம் அடங்கியிருப்பதுபோல் அவள் புன்னகைக்குள் ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது என்கிறான், அங்கும் நாற்றம்தான். இன்று ஒருவன் தன் மனைவியிடம் இந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பார்க்கட்டும்! ஆண்டாளோ கண்ணனின் வாய்பட்ட வெண்சங்கைப் பார்த்து, அந்த வாய் கருப்பூரம்போல் மணக்குமா, தாமரைபோல் மணக்குமா என்று ஏக்கத்துடன் கேட்கும்போது, 'நாறு' என்னும் வினையையே ஆள்கிறார். பக்தியின் உச்சத்தில் நிற்கும் பாசுரம் அது.

கெட்ட வாடையைச் சொல்ல வேண்டுமானால் பழைய நூல்கள் ஓர் அடைமொழியைத் தேடின. தீநாற்றம், முடைநாற்றம் என்பவை அப்படி வந்தவை. பொதுச்சொல்லுக்கு முன்னால் 'தீ' சேர்க்க வேண்டியிருந்தது என்பதே, பொதுச்சொல்லில் தீமை இல்லை என்பதற்குச் சான்று. இன்று நாம் 'துர்நாற்றம்' என்று எழுதுகிறோம். ஆனால் 'துர்' இல்லாமலும் அதே பொருள்தான் வருகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால், 'நாறுதல்' என்பதற்கு இன்னொரு கிளையும் இருப்பது தெரியும்: தோன்றுதல், முளைத்தல். வயலில் பிடுங்கி நடுகிறோமே, அந்த நாற்று இவ்வழியில் வந்தது. நாற்று வளரும் பாத்தி நாற்றங்கால். 'நாற்றங்கால்' என்று வாசிக்கச் சொன்னால் என் மாணவர்கள் கழிப்பறையை நினைத்துச் சிரிப்பார்கள். நெல்வயலைப் பார்த்திராத பிள்ளைகள். அவர்கள் மேல் குறையில்லை. செம்பனைக் கன்றுகளைப் பையில் வைத்து வளர்க்கும் இடத்தைக் காட்டி, "இதுவும் ஒரு நாற்றங்கால்தான்" என்று சொன்னால் சிரிப்பு அடங்குகிறது.

சரி, இத்துணை உயர்ந்த சொல் ஏன் விழுந்தது? வடமொழிச் சொற்கள் வந்து தள்ளிவிட்டன என்று ஒரே வரியில் முடிப்போர் உண்டு. தனித்தமிழில் எனக்கும் பற்றுண்டு. ஆயினும் இந்த விடை போதாது. வாசனை, வாசம், சுகந்தம் போன்றவை வந்து நல்ல பக்கத்தில் இடம் பிடித்தது உண்மை. அதே பக்கத்தில் மணம் என்னும் நம் சொல்லும் அமர்ந்துகொண்டதே! இடம் நிறைந்ததும் நாற்றத்துக்குக் கெட்ட பக்கம்தான் மிஞ்சியது. மலையாளத்திலும் இந்தச் சொல் துர்நாற்றத்தையே குறிக்கிறது, கன்னடத்திலும் அப்படியே. ஆங்கிலத்தில்கூட இன்று துர்நாற்றத்தைக் குறிக்கும் 'ஸ்டெஞ்ச்' என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் நறுமணத்துக்கும் வழங்கியது. மனித மூக்கு நல்லதை விரைவில் மறந்துவிடுகிறது. கெட்டதைப் பற்றி ஓயாமல் பேசுகிறது. பேசப்பேசச் சொல்லில் கறை படிகிறது. என் சிற்றறிவுக்கு எட்டிய விளக்கம் இதுவே.

சில சொற்களின் வீழ்ச்சிக்கு மூக்கு காரணமில்லை, மனிதர்கள் காரணம். 'கூலி' என்பது உழைப்புக்கு ஈடு. வள்ளுவர் ஆள்வினையுடைமையில், தெய்வத்தால் ஆகாவிட்டாலும் உடல் வருந்திய முயற்சி அதற்குரிய பயனைத் தரும் என்று சொல்லும்போது, அந்தப் பயனைக் கூலி என்றே சொல்கிறார். அச்சொல் ஆங்கிலேயர் வாயில் புகுந்து, கப்பலேறி, மலாயாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் மொரிசியசுக்கும் போய்ச் சேர்ந்தபோது, ஊதியத்தின் பெயர் மனிதனின் பெயராகி, மனிதனின் பெயர் வசையாகிவிட்டது. 2025-இல் அதே பெயரில் ரஜினிகாந்தின் படம் வெளிவந்து, நம் பிள்ளைகள் பெருமையோடு அச்சொல்லைச் சொல்லித் திரிந்ததைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சிறு மகிழ்ச்சி. 'கெலிங்' என்னும் சொல்லும் அப்படித்தான். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல், பழைய மலாய் இலக்கியமான 'செஜாரா மெலாயு'வில் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு பெருநாட்டின் பெயராக மதிப்போடு வருகிறது. பினாங்கிலும் மலாக்காவிலும் பழம்பெரும் பள்ளிவாசல்கள் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. இன்று அச்சொல்லை நம் முகத்துக்கு நேரே யாரேனும் சொன்னால் என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

இந்த வசையோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருவது வாடைதான். 'எண்ணெய் நாற்றம்' என்று நம் பிள்ளைகளின் தலையைக் காட்டிச் சொல்லப்படுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், பிற்பகலில் லயத்துக்குத் திரும்பும்போது, அவர் உடையில் ஒட்டுப்பால் வாடை இருக்கும். அறிந்தவர் அறிவர், அது இலேசில் போகாது. உறைந்த பாலில் நுண்ணுயிர்கள் பெருகி, புரதம் அழுகுவதால் எழும் வாடை அது. பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தின் நெடியும், உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் நெடியும் அதோடு சேரும். பட்டணத்துக்குப் பேருந்தில் போகும் நாளில், பாட்டி இரண்டு முறை குளித்து, முகப்பூச்சு மாவை அள்ளிப் பூசிக்கொள்வார். ஆனாலும் அருகில் அமர்ந்தவர் எழுந்து வேறிடம் போனதுண்டு. கொங்கோ நாட்டில் பிறந்திருந்தால் என் பாட்டியின் அருகில் அமர்வதற்குப் போட்டி நடந்திருக்கும் போலும்!

இதனால்தான் எனக்கு ஃபங்க் என்னும் சொல்லின்மேல் பொறாமை. அவர்கள் தங்கள் வாடையை இசையாக்கி உலகத்தையே ஆடவைத்தார்கள். நாமோ முகப்பூச்சு மாவோடு நின்றுவிட்டோம். தைப்பூசத்தில் உறுமி அடிக்கும் இளைஞர்களைப் பார்த்து முகஞ்சுளிப்போர் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் செய்வது அனைத்தும் சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால், வியர்வை வழிய வாசிக்கப்படும் இசை என்பதற்காகவே அதைத் தாழ்வாகக் கருதினால், பேருந்தில் எழுந்து போனவரின் மூக்கைத்தான் நாம் கடன் வாங்கியிருக்கிறோம் என்பேன்.

மூக்கு ஒன்றும் நடுநிலை தவறாத நீதிபதியன்று என்பதை மலேசியாவில் வாழ்பவருக்கு விளக்க வேண்டுமா? டுரியான் பருவத்தில் மாசாய்ச் சாலையோரம் நின்றாலே போதும். ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்குவார்; இன்னொருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரைவார். ஒரே காற்று, இரண்டு மூக்கு. தங்கும் விடுதிகளில் டுரியானுக்குத் தடை எழுதி வைத்திருக்கிறார்கள். அதே விடுதியின் உணவகத்தில் டுரியான் இனிப்புப் பணியாரம் விற்கிறார்கள். பெலாச்சானை வறுக்கும்போதும் இதே கதைதான். கருவாட்டுக் குழம்பைப் பற்றி நான் ஏதும் சொல்லப்போவதில்லை. என் வீட்டிலேயே இரு கட்சிகள் உண்டு.

இதுவரை எழுதியதைச் சொல்லாராய்ச்சி விளையாட்டு என்று யாரேனும் ஒதுக்கிவிடலாம். எங்கள் ஊரில் வாழ்பவர்க்கு இது விளையாட்டாக இருக்க முடியாது. 2019 மார்ச் 7ஆம் நாள், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் லாரி ஒன்று இரசாயனக் கழிவைக் கொட்டிச் சென்றது. பாசிர் பூத்தே பகுதிப் பள்ளிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து, மயங்கி விழுந்தனர். ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். மார்ச் 13ஆம் நாள் பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அடங்கிவிட்டது என்று மூச்சுவிட்ட வேளையில், ஜூன் மாதம் மீண்டும் மாணவர்கள் நோயுற்றனர். மீண்டும் பள்ளிகள் மூடப்பட்டன.

அந்த நாள்களில் நான் கவனித்த ஒன்று இன்றுவரை என்னை விடவில்லை. "எப்படிப்பட்ட வாடை?" என்று கேட்டால், பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நாத்தம் டீச்சர்" என்றார்கள். குப்பைத் தொட்டிக்கும் நாத்தம், சாக்கடைக்கும் நாத்தம், நச்சுக்காற்றுக்கும் நாத்தம். ஒருத்தி மட்டும், "அம்மா மிளகாய் வறுக்கும்போது வருமே, அது மாதிரி மூக்குக்குள்ளே குத்துது" என்றாள். அவள் சொன்னதற்குத் தமிழில் சரியான சொல் உண்டு: நெடி. மூக்கை அரித்து, தொண்டையைக் கமறச் செய்து, கண்ணில் நீர் வரவைப்பது நெடி. அழுகலின் வாடை வேறு, நெடி வேறு. முன்னது அருவருப்பு தருகிறது. பின்னது வந்தால் விலகி ஓட வேண்டும். எல்லா வாடைக்கும் பெயர் தெரியாவிட்டாலும், இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை பெரியவர்களை முன்கூட்டியே எச்சரிக்க முடியும்.

பொதுச்சொல் விழுந்தால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்றம் என்னும் சொல் விழும்போது தனியே விழவில்லை. சுற்றியிருந்த சொற்களையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: மீனுக்கும் பச்சை இறைச்சிக்கும் கவிச்சி, ஆட்டுக்கு மொச்சை, அழுகிய தசைக்கு முடை, கெட்டுப்போன சோற்றுக்கு ஊசல், அடிபிடித்த பாலுக்குக் கருகல், பழைய எண்ணெய்க்குக் காறல், மூடிக்கிடந்த அறைக்குப் புழுக்கம், எல்லாவற்றிலும் பலமாக அடிப்பதற்கு வீச்சம். இவற்றுள் எத்தனையை நம் பிள்ளைகள் பேசக் கேட்டிருக்கிறீர்கள்? மலாய் கலந்து 'பூசோக்' என்றால் முடிந்தது. நல்ல பக்கமும் அப்படித்தான். கமழ்தல், நறுமை, விரை, வெறி என்று ஒரு காலத்தில் மணத்துக்கு எத்தனை சொற்கள்! வெறி என்பதற்கு நறுமணம் என்னும் பொருளும் உண்டு என்றால் வாட்சாப் குழுவில் நண்பர்களே நம்ப மறுக்கிறார்கள். வாடை என்பதும் முதலில் வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு முழுதும் எங்கள் பிள்ளைகளுக்கு வாடையும் கிலியும் ஒன்றாகிவிட்டன. வெண்பலகையில் எழுதும் மார்க்கர் பேனாவைத் திறந்தாலே மூக்கை மூடிக்கொண்டு கதவைப் பார்க்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஃபங்க் என்னும் சொல்லில் வாடையும் அச்சமும் எப்படி ஒரே கூரையின்கீழ் வந்தன என்று அறிஞர்கள் ஆராய்கிறார்கள். பாசிர் கூடாங் பிள்ளையைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

ஆகவே, என் கருத்து இதுதான். தொடக்கப்பள்ளியிலேயே சொற்களின் பழைய பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. "கட்டுரையில் மல்லிகைப்பூவின் நாற்றம் என்று எழுதி வைத்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான அச்சமே. ஆனால், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு, திடலில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று நாளொன்றுக்கு நான்கு முறை மொழி மாற்றிப் பேசும் பிள்ளைக்கு, வள்ளுவர் காலத்தில் ஒரு பொருள், இக்காலத்தில் ஒரு பொருள் என்பது பெரிய சுமையா? சொல்லிக்கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து. இடைநிலைப்பள்ளிக்குப் போய்த் தமிழ் இலக்கியப் பாடம் எடுக்கும் மிகச் சிலரும் நாற்றம் என்னும் சொல்லைப் பார்த்து அங்கே சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

மற்றொருவர், "இதற்கெல்லாம் நேரமேது?" என்றார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் இக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. தேர்வுக்காகத்தான் கோடு போட்டோம் என்றால், தேர்வு போன பின்னும் ஏன் கோட்டிலேயே நிற்கிறோம்? பழைய பயிற்சித்தாள்களை மறுபடி நகலெடுப்பது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. (கோபிக்க வேண்டா, நண்பர்களே.)

650ஆம் குறள் ஆசிரியர்களாகிய நம்மை நோக்கியே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்ல முடியாதவரை, கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலருக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அங்கே மணம் வீசாத என்பதற்கு அவர் எழுதியிருக்கும் சொல் 'நாறா' என்பதே. அதாவது, நல்லாசிரியர் என்பவர் நாற வேண்டும்! இதை ஆசிரியர் அறையில் சொன்னால் ஒரு வாரத்துக்குப் பேசிச் சிரிக்கலாம்.

இவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறு நடவடிக்கை செய்தேன். மூடியுள்ள சிறு புட்டிகளில் சாம்பிராணி, பெலாச்சான், கருவேப்பிலை, நெத்திலி, பழைய தேங்காயெண்ணெய், வினிகர், காய்ந்த மல்லிகை, நண்பர் ஒருவர் தேடிக் கொண்டுவந்து தந்த ஒட்டுப்பால் துண்டு ஆகியவற்றை வைத்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்ந்து, பலகையிலுள்ள பட்டியலிலிருந்து சரியான சொல்லை எடுக்க வேண்டும். 'நாத்தம்', 'பூசோக்' இரண்டுக்கும் தடை. வினிகருக்கு மூன்று பேர் தயங்காமல் 'நெடி' என்றார்கள். எண்ணெய்க்கு ஒருவன் 'காறல்' என்று எழுதினான். அவன் பாட்டி சொல்வாராம். ஒட்டுப்பாலை யாராலும் அடையாளங்காண முடியவில்லை. பட்டியலில் அதற்கென்று தனிச்சொல்லும் இல்லை. தோட்டத்தில் 'பால் வாடை' என்றுதான் சொல்வோம். அதையே சேர்த்துக்கொண்டோம்.

டுரியான் சுளை வைத்த புட்டியைக் கடைசியாகத் திறந்தேன். அதைக் கமழ்தல் வரிசையில் எழுதுவதா, வீச்சம் வரிசையில் எழுதுவதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டையிட்டது. மணியடித்தும் முடியவில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவில் எழுதி வைத்திருக்கிறேன்.